கூரைமேல் எட்டு போல்ட்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கண்டி வீதிகளில் ஓடிய ஜீப்புகளுக்கு வயது மட்டும் கூடியது. திறந்த பின்னும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, முற்றத்தில் நின்ற பிராடோவையும் மொன்டெரோவையும் எக்ஸ்-ட்ரெயிலையும் புதுக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். டிங்கரிங், பெயின்ற், சீற் உறை என்று நீளும் திருத்த வேலைகளில் கூரைமேல் இருக்கும் ரூஃப் ராக்கும் சேர்ந்துகொண்டது. கம்பனி பூட்டி அனுப்பிய ராக் வருடக்கணக்கான வெயிலில் வெளிறிக் கிடக்கும். சிலர் அதைக் கழற்றி வெறுங்கூரையாக விடுகிறார்கள். சிலர் அந்த இடத்தில் பெரிய இரும்புக் கூடை ஒன்றைப் பூட்டுகிறார்கள். இன்னும் சிலர் கழற்றி, கறுப்புப் பூசி, அதையே திரும்பப் பூட்டுகிறார்கள்.

பார்த்தால் சின்ன வேலை. பக்கத்துக்கு நாலாக எட்டு போல்ட். சில வாகனங்களில் ஆறு, சிலவற்றில் பத்து. ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் கூரைத் தகட்டில் உள்ள ஒரு துளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் இருக்கும்வரை துளையின் நினைவு யாருக்கும் வராது. கண்டி மாதிரி மழை ஊரில் அந்தத் துளைகளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஆனாலும் பெற்றோலில் தொடங்குகிறேன். ராக்கைக் கழற்றும் பலரும் முதலில் சொல்லும் காரணம் அதுதான்.

அந்தக் காரணம் ஆதாரம் இல்லாதது அல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அலன் மையர், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 2016இல் ஒரு கணிப்பை வெளியிட்டார். 2015இல் அமெரிக்காவின் கார், ஜீப், வான்கள் எரித்த எரிபொருளில் சுமார் 0.8 வீதம் கூரை ராக்குகளின் கணக்கில் போனது என்பது அதன் சாரம். ஒரு தனி வாகனத்தை எடுத்தால், ராக்கின் வகையையும் அதில் ஏற்றியிருப்பதையும் பொறுத்து, செலவு ஒன்றும் கூடாமலும் இருக்கலாம், 25 வீதம் வரை ஏறவும் செய்யலாம். கூரைமேல் மொட்டையான பெரிய பெட்டி ஒன்றை வைத்தால் எரிபொருள் சிக்கனம் நகர ஓட்டத்தில் 2 முதல் 8 வீதமும், மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும் வேகத்தில் 10 முதல் 25 வீதமும் குறையும் என்று அந்த நாட்டு எரிசக்தித் திணைக்களம் ஓட்டுநர்களுக்குச் சொல்கிறது.

இந்த இலக்கங்களைப் பார்த்துவிட்டு ஸ்பானரைத் தூக்குவதற்கு முன் நம் வீதியை நினைக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. ராக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து வாகனத்தின் தடைப் பரப்பில் 0.1 சதுர மீற்றர் கூட்டுவதாக ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றரில் அதற்காக எஞ்சின் தள்ள வேண்டிய மேலதிக விசை 7 நியூற்றனை ஒட்டி இருக்கும். முக்கால் கிலோவைக் கையில் தூக்கிப் பிடிக்கும் விசை, அவ்வளவுதான். 100 கிலோமீற்றர் ஓடினாலும் இதற்குச் செலவாகும் பெற்றோல் சுமார் 90 மில்லிலீற்றர். அதே ராக் மணிக்கு 100 கிலோமீற்றரில் 46 நியூற்றன் கேட்கும். அதே தூரத்துக்கு அரை லீற்றர் போய்விடும்.

கண்டியில் அந்த வேகம் எங்கே இருக்கிறது? பிலிமத்தலாவையில் இருந்து பேராதனை வரை காலை நேரத்தில் நடப்பதை ஓட்டம் என்று சொல்வதே பிழை. மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமவில் இருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்தது. கண்டிப் பக்கத்துக் கிளை இன்னும் நம் வாசலுக்கு வரவில்லை. வாரம் தவறாமல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அரை லீற்றர் கணக்கு பொருந்தும். கம்பளைக்கும் திகனவுக்கும் இடையில் ஓடுகிறவருக்குப் பொருந்தாது.

சரி, மலை ஏறுகிறோமே, ராக்கின் பாரம் உறிஞ்சாதா என்று கேட்கலாம். கொழும்பின் கடல் மட்டத்தில் இருந்து கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டிக் கண்டிக்கு வர சுமார் 500 மீற்றர் ஏற வேண்டும். 30 கிலோ ராக் ஒன்றை அந்த உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தி 147 கிலோயூல். பெற்றோலில் உள்ள சக்தியில் கால்வாசியைத்தான் எஞ்சின் சில்லுக்குக் கொடுக்கிறது என்று வைத்தாலும், செலவு 17 மில்லிலீற்றர். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் கப்டன் டோசன் வெட்டிய இந்த ஏற்றத்தைப் பற்றி எஞ்சின்கள் முனகுவது உண்மை. அந்த முனகலில் வெற்று ராக்கின் பங்கு மிகச் சிறிது.

ராக்கின் பாரம் வேறொரு இடத்தில் தொல்லை கொடுக்கிறது. அது இருக்கும் உயரம்.

2,000 கிலோ ஜீப் ஒன்றின் புவியீர்ப்பு மையம் தரையில் இருந்து 72 சென்ரிமீற்றரில் இருப்பதாகவும், இடது வலது சில்லுகளுக்கு இடையிலான அகலம் 158 சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். அகலத்தின் பாதியை மைய உயரத்தால் வகுத்தால் 1.1 வரும். அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம், வாகனம் கவிழும் வாய்ப்பை மதிப்பிட இந்த எண்ணைத்தான் பாவிக்கிறது. சாதாரண கார்களுக்கு 1.3, 1.4 என்று வரும். ஜீப் வகைகள் 1.0க்கும் 1.3க்கும் இடையில் நிற்கும். இப்போது கூரைமேல், தரையில் இருந்து 190 சென்ரிமீற்றர் உயரத்தில், ராக்கும் சாமானுமாக 100 கிலோ ஏற்றுவோம். மையம் 77.6 சென்ரிமீற்றருக்கு ஏறுகிறது; எண் 1.02க்கு இறங்குகிறது. வாகனத்தின் மொத்தப் பாரம் 5 வீதம்தான் கூடியது. கவிழாமல் நிற்கும் பலத்தில் 7 வீதம் போய்விட்டது.

மகியங்கனைக்கு இறங்கும் வீதியில், ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி வரும் பதினெட்டு வளைவுகளில் இது உடம்பில் உறைக்கும். 15 மீற்றர் ஆரையுள்ள ஒரு கொண்டை வளைவை மணிக்கு 30 கிலோமீற்றரில் எடுத்தால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் கிட்டத்தட்ட பாதி. கணக்குப்படி கவிழ அதற்கு இரு மடங்கு வேண்டும். ஆனால் கணக்கில் வாகனம் ஒரு மரக்கட்டை. நிசத்தில் அதற்கு ஸ்பிரிங் இருக்கிறது, வளைவில் அது சாய்கிறது, சாயும்போது மையம் வெளிப்பக்கம் நகர்கிறது. வெளிச் சில்லு கானுக்குள் இறங்கினால் மிச்சக் கணக்கும் போச்சு. அந்த வளைவில் கூரைமேல் உள்ள 80 கிலோ சாமான் 370 நியூற்றன் விசையோடு பக்கத்துக்கு ஓடப் பார்க்கும். அவசரமாக பிரேக் அடித்தால் முன்பக்கம் 600 நியூற்றனைத் தாண்டும். மஸ்கெலியா ஊடாகச் சிவனொளிபாதமலைக்குப் போகும் பருவத்தில், தறப்பாளால் மூடி ஒற்றைக் கயிற்றால் கட்டிய பொதிகளோடு வான்கள் வரிசையாகப் போவதைக் காணும்போது எனக்கு இந்த 600தான் ஞாபகத்துக்கு வரும்.

வாகனக் கையேட்டில் கூரைச் சுமைக்கு ஒரு வரம்பு அச்சிட்டிருக்கும். பெரும்பாலான ஜீப்புகளுக்கு அது 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். அது ஓடும் வாகனத்துக்கான வரம்பு. நிறுத்திய வாகனத்தின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால்தான் கூரைக் கூடாரத்தில் இரண்டு பேர் படுக்க முடிகிறது. பலர் கோட்டைவிடும் விசயம், வரம்புக்குள் ராக்கின் சொந்தப் பாரமும் அடங்கும் என்பது. கம்பனி பூட்டிய மெல்லிய அலுமினியத் தண்டவாளங்களை எடுத்துவிட்டு, இரும்புக் குழாயில் ஒட்டிய 45 கிலோ கூடையை ஏற்றுகிறவருக்கு, வரம்பு 75 கிலோ என்றால் சாமானுக்கு மிஞ்சுவது 30. இரண்டு அரிசி மூட்டைக்கே இடம் இல்லை. இப்படிப்பட்ட கூடை பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

இனிக் கழற்றும் வேலை. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில், ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய ஜீப் ஒன்றின் ராக் கழன்றதை அருகில் நின்று பார்த்தேன். கராஜ்கார நானா முதலில் தண்டவாளத்தின் நுனிகளில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளை ஒரு தட்டையான பிளாஸ்டிக் ஆப்பால் நெம்பினார். இரும்பு நெம்பி என்றால் பெயின்றில் கீறல் விழும். அப்படியும் ஒரு மூடியின் காது முறிந்தது. புற ஊதாக் கதிர் வருடக்கணக்காகப் பட்ட பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து போயிருக்கும், அதற்கு வளையும் குணம் மிஞ்சாது. மூடிக்குக் கீழே கறுப்புச் சேறு, பாசி, காய்ந்த எறும்புக் கூடு. அதற்குள் புதைந்திருந்தது நட்சத்திர வடிவக் குழியுள்ள போல்ட் தலை.

நானா ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு ஊசியை எடுத்து அந்த நட்சத்திரக் குழியை மூலை மூலையாகக் கிண்டிச் சுத்தம் செய்தார். அழுக்கோடு சாவியை நுழைத்தால் அது அடிவரை இறங்காது; முறுக்கும்போது மேலே ஏறி, மூலைகளைத் தேய்த்துவிடும். தேய்ந்த தலையைக் கழற்ற அரை நாள் போகும். பிறகு ஊடுருவும் எண்ணெயை விசிறிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். இது சோம்பல் கிடையாது. இரும்பு கறளாக மாறும்போது அதன் கனவளவு இரு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மரைகளுக்கு இடையில் அந்தக் கறள் ஆப்பு மாதிரி இறுகி நிற்கும். மெல்லிய எண்ணெய் அந்தச் சந்துகளுக்குள் தானாக ஊர்ந்து இறங்க நேரம் வேண்டும்.

ஆறு போல்ட் கையால் முறுக்கவே கழன்றது. ஏழாவது சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது சுத்துது சேர், மேல வருதில்ல."

காரணம் தகட்டுக்குக் கீழே. கூரையின் மறுபக்கத்துக்குக் கை போகாது; அங்கே ஒருவர் நட்டைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பல வாகனங்களில் உள்ளே மரை வெட்டிய சிறு குழல் ஒன்றைத் துளைக்குள் விட்டு நசுக்கிப் பொருத்துவார்கள். ரிவ்நட் என்பது அதுதான். போல்ட் கறளால் அதனோடு ஒட்டிக்கொண்டால், மரை கழல்வதற்குப் பதிலாகக் குழலே தகட்டில் பிடி விட்டுச் சுழலும். நானா தண்டவாளத்துக்கு அடியில் துணி சுற்றிய நெம்பியை விட்டு மெல்ல மேலே தள்ளிக்கொண்டு, மறு கையால் போல்ட்டைத் திருப்பினார். மேலே இழுபடும்போது குழலின் நசுங்கிய விளிம்பு தகட்டின் அடியில் இறுகி உராய்கிறது. அந்த உராய்வு போதுமானால் போல்ட் கழலும். கழன்றது. கழலாதிருந்தால் தலையைத் துரப்பணத்தால் துளைத்து எடுப்பதே அடுத்த வழி. அப்படிச் செய்தால் இரும்புத் தூளை உடனே துடைத்துவிட வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், ஒவ்வொரு தூளும் பெயின்றில் ஒரு மண்ணிறப் புள்ளி வைத்துவிடும்.

சில வாகனங்களில் நட்டுகள் உள்ளிருந்து, கூரைத் துணிக்கு மேலே இருக்கும். அங்கே கூரையின் ஓரம் நெடுகத் திரை எயார் பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். பற்றறியைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கியில் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கும். கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்த பிறகுதான் துணியில் கைவைக்க வேண்டும். இது தெரியாத ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

தண்டவாளம் தூக்கப்பட்டதும் கீழே இரண்டு நிறங்கள் தெரிந்தன. அலுமினிய அடிப்பகுதியில் வெள்ளை மாவு. துளைகளைச் சுற்றிச் செம்மண் நிற வளையம். இந்த இரண்டுக்கும் பின்னால் இருநூற்றைம்பது வருடப் பழைய கடற்படைக் கதை ஒன்று இருக்கிறது.

பிரித்தானியக் கடற்படை 1761இல் ‘அலாம்’ என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடியது. மரத்தைத் துளைக்கும் புழுவுக்கு அது பரிகாரம். மேற்கிந்தியத் தீவுகளில் ஓடி வந்த கப்பலை இரண்டு வருடத்தின் பின் சோதித்தார்கள். புழு இல்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதுசு போல. செப்புத் தகடுகளைச் சுற்றி அனுப்பிய பழுப்புக் காகிதம் சில இடங்களில் அகற்றப்படாமல் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதம் செம்புக்கும் இரும்புக்கும் இடையில் நின்ற இடத்தில் ஆணி தப்பியிருந்தது. வோல்ட்டா மின்கலத்தைச் செய்து காட்டுவதற்கு நாற்பது வருடத்துக்கு முன், அந்தக் கப்பலின் அடியில் ஆயிரக்கணக்கான மின்கலங்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இரண்டையும் ஈரம் இணைத்தால் மின்னோட்டம் பாயும். இலகுவில் இலத்திரனை விடும் உலோகம் கரைகிறது. கூரைமேல் அலுமினியத் தண்டவாளம், உருக்குத் தகடு, சில சமயம் யாரோ மாற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என மூன்று உலோகங்கள் உண்டு. அலுமினியத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இடையில், கடல்நீரில் அளந்தால், சுமார் 0.7 வோல்ட் வேறுபாடு. கண்டி மழைநீரில் உப்புக் குறைவு, அதனால் ஓட்டமும் குறைவு. ஆனால் காலி, நீர்கொழும்புப் பக்கம் ஓடிய வாகனத்திலும், பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் ஜப்பானின் வடக்கில் இருந்தோ இங்கிலாந்தில் இருந்தோ வந்த வாகனத்திலும் மடிப்புகளுக்குள் உப்பு ஏற்கனவே தங்கியிருக்கலாம். கம்பனி தண்டவாளத்துக்குக் கீழே வைக்கும் இறப்பர் மெத்தை, அந்தக் கப்பலின் பழுப்புக் காகிதம் செய்த வேலையைச் செய்கிறது. மெத்தை காய்ந்து வெடித்தால் பாதுகாப்பு முடிந்தது. திரும்பப் பூட்டுகிறவர் பெயின்றுக்குச் செலவழித்துவிட்டுப் பழைய மெத்தையையே வைப்பது எனக்கு விளங்காத சிக்கனம்.

‘அலாம்’ சொல்லும் இன்னொரு பாடமும் கராஜுக்கு வேண்டியது. செம்பின் பரப்பு பெரிது, இரும்பாணியின் பரப்பு சிறிது. முழுத் தகடும் இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறு ஆணி தனியாகத் தாங்க வேண்டியிருந்தது. கரையும் உலோகம் சிறிதாக இருந்தால் அழிவு வேகம். பெரிய அலுமினியத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் பெரிய தீங்கு செய்யாது. பெரிய உருக்குக் கூரையில் சின்ன அலுமினிய ரிவ்நட் என்றால் நிலைமை தலைகீழ். கெட்டுப்போன ரிவ்நட்டுக்குப் பதிலாக, மலிவாகக் கிடைக்கும் அலுமினிய ரிவ்நட்டைப் போடுவது இதனால்தான் பிழை. நாக முலாம் பூசிய உருக்கு ரிவ்நட் கேட்டு வாங்க வேண்டும். துளையின் விளிம்பில் கறளைச் சுரண்டி, கறள் தடுப்புப் பூச்சு அடித்து, அது காய்ந்த பிறகே அதைப் பூட்ட வேண்டும்.

இப்போது ராக் இல்லாத கூரையில் எட்டுத் துளைகள் வானத்தைப் பார்க்கின்றன. கண்டியில் ஆண்டுக்கு 1,850 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்வதாகக் கொண்டால், 3 சதுர மீற்றர் கூரைமேல் விழும் நீர் 5,500 லீற்றருக்கு மேல். இதில் நிறைய ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர இடி மழையாக விழுகிறது. அந்த மழை வரும் விதமே துளைக்குச் சாதகம். மதியம் வரை வெயில். கறுப்புக் கூரை 60, 70 பாகை வரை காயும். மூன்று மணிக்கு ஹந்தானைப் பக்கம் இருண்டு, கொட்டத் தொடங்கும். தண்டவாளத்தின் உட்குழியில் அடைபட்டிருக்கும் காற்று 60 பாகையில் இருந்து 25 பாகைக்குக் குளிர்ந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கும் காற்று வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே இருப்பது தண்ணீர். ஒவ்வொரு மழை நாளும் ஒரு சிறு பம்ப் அடி.

உறிஞ்சல் இல்லாவிட்டாலும் தண்ணீர் சும்மா இராது. தலைமயிர்த் தடிப்பான, 0.1 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரண்டு தட்டுகளுக்கு நடுவே, அவை நன்றாக நனையும் பரப்புகளாக இருந்தால், தண்ணீர் 14 சென்ரிமீற்றர் வரை மேல்நோக்கியே ஏறும். காய்ந்த மெத்தைக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள சந்து ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளே போன நீர் அந்த இடத்திலேயே சொட்டினால் கண்டுபிடிப்பது சுலபம். அது கூரையின் உள் வளைவு நெடுக ஓடி, கதவுத் தூணுக்குள் இறங்கி, முன் சீற்றின் கால்மிதிக்குக் கீழே தேங்கும். கண்ணாடி இறப்பரை மாற்று, கதவு இறப்பரை மாற்று என்று சொந்தக்காரர் அலைவார்.

"தண்ணி விழுற எடத்தப் பாத்து வேல இல்ல சேர். ஏறுற எடத்தப் பாக்கணும்," என்றார் நானா.

துளையை மூடக் கடைகளில் முதலில் கிடைப்பது கண்ணாடி ஒட்டும் சாதாரண சிலிக்கன். மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அதைக் கூரைக்குப் பாவிக்கக் கூடாது. அந்த மணம் உண்மையிலேயே அசற்றிக் அமிலம். சிலிக்கன் இறுகும்போது அதை வெளியே விடுகிறது. கீறல் விழுந்த உருக்கின்மேல் அமிலத்தைத் தடவி, மேலே நீர்புகாமல் மூடினால் உள்ளே என்ன நடக்கும் என்பது சொல்லாமலே தெரியும். மணமில்லாத நடுநிலை சிலிக்கன், பொலியூறித்தேன் பசை, பியூற்றைல் நாடா ஆகிய மூன்றில் ஒன்று போதும். ராக்கே வேண்டாம் என்றால், அதே மரைக்குப் பொருந்தும் குட்டை போல்ட்டுக்கு இறப்பர் வளையம் போட்டுப் பூட்டுவது நல்லது. பிறகு மனம் மாறினால் வழி திறந்திருக்கும். துளைகளை வெல்டிங் அடித்து மூடித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். கூரைத் தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்தச் சூட்டில் தகடு நெளியும், அடிப்பக்கத்துக் கறள் தடுப்புப் பூச்சு எரியும், கூரைத் துணி பக்கத்திலேயே இருக்கிறது. கூரையை முழுசாகப் பெயின்ற் அடிக்கப் போகிறவரைத் தவிர வேறு யாருக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். தண்டவாளம் இருந்த இடத்தில் பெயின்ற் புதுசாகவும் மற்ற இடம் மங்கியும் இரண்டு பட்டைகள் தெரியும் என்பது வேறு விசயம். பொலிஷ் போட்டால் கொஞ்சம் மறையும், முழுதாகப் போகாது.

திரும்பப் பூட்டும்போது எல்லாருடைய கையும் ஒரே பிழையைத்தான் செய்யும். பலமாக முறுக்கிவிடும். 6 மில்லிமீற்றர் போல்ட்டை 8 நியூற்றன் மீற்றர் அளவுக்கு முறுக்கினாலே அது தண்டவாளத்தை ஏறத்தாழ 650 கிலோ பாரத்தின் விசையோடு அழுத்தும். நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்றுதான் இந்த அழுத்தமாகிறது. மிச்சம் போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. அதனால் மரையில் எண்ணெய் பட்டிருந்தால், உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன அதே முறுக்கு, அளவுக்கு மீறிய இழுவையாகிவிடும். ரிவ்நட் பிடி விடுவதும், மெத்தை பிதுங்கி வெளியே வருவதும் இப்படித்தான். கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பானர் பாவிப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. தண்டவாளத்தின் துளைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு முனையில் வட்டமாகவும் மற்றவை சற்று நீண்டும் இருக்கக் காணலாம். நீண்ட துளையைத் தயாரிப்புக் குறை என்று நினைத்து வொஷர் போட்டு இறுக்கி அடைத்தவர்கள் உண்டு. அலுமினியம் சூட்டில் உருக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 1.8 மீற்றர் தண்டவாளம், விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 50 பாகை வேறுபாட்டில், கீழே உள்ள கூரையைவிட ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக நீளும். அந்த ஒரு மில்லிமீற்றருக்கு இடம் விட்டுத்தான் துளை நீண்டிருக்கிறது. இடம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு நாளும் அது ரிவ்நட்டை முன்னும் பின்னும் அசைக்கும். இறுகிக் கல்லாகும் பசையைத் தவிர்க்க வேண்டியதும் இதனால்தான். துளையை மூடும் பசை இந்த அசைவோடு சேர்ந்து இழுபட வேண்டும்.

பூட்டி முடித்ததும் சிலருக்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு முனகல் கேட்கும். காற்று உருண்டைக் கம்பியைத் தாண்டும்போது அதன் பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழிகள் கழலும். 1878இல் இதை அளந்தவர் செக் இயற்பியலாளர் ஸ்ட்ரூகால். காற்றில் கம்பிகள் ஏன் பாடுகின்றன என்பதே அவருடைய கேள்வி. 30 மில்லிமீற்றர் உருண்டைச் சட்டம் மணிக்கு 90 கிலோமீற்றரில் செக்கனுக்குச் சுமார் 167 சோடிச் சுழிகளைக் கழற்றும், அதுவே காதில் விழும் தாழ்ந்த ரீங்காரம். சட்டத்தைச் சுற்றி ஒரு கயிற்றைச் சுருளாகக் கட்டினால் சுழிகள் ஒரே நேரத்தில் கழலாமல் குலைந்துபோகும், சத்தம் அடங்கும். உயரமான புகைபோக்கிகளில் சுருள் விளிம்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான். கண்டிக்குள் ஓடும்வரை இந்த முனகல் யாருக்கும் கேட்காது, அந்த வேகமே இல்லை.

பசை ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகு தண்ணீர்ச் சோதனை. குழாயைக் கூரைக்கு மேலே பிடித்து ஒரேயடியாகக் கொட்டினால் எது ஒழுகுகிறது என்று தெரியாது. பின் போல்ட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக, கீழிருந்து மேலாக, மெல்லிய ஓட்டத்தில் நனைத்துக்கொண்டு வர, உள்ளே ஒருவர் ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இறப்பர் மெத்தை நாள் போகப் போக அமுங்கும், அதோடு போல்ட்டின் இழுவையும் தளரும். அதனால் இரண்டு மூன்று வாரம் ஓடிய பின் டோர்க் ஸ்பானரை இன்னொரு முறை வைத்துப் பார்ப்பது அவசியம். இந்த வேலைக்கெல்லாம் தோதான மாதங்கள் பெப்ரவரி, மார்ச். ஒக்ரோபரில் ஒருவர் ராக்கைக் கழற்றி, "மூடியை நாளைக்குப் போடுவோம்" என்றால், வாகனத்தை அன்றைக்குக் கூரையுள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.